முகமனும் கைப்பேசியும்

முகமன் என்பது, எதிர்ப்பட்ட இருவர் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டதைத் தெரிவித்துக்கொள்ளும் செயல். கைகூப்புவது, தலையசைப்பது, "வாங்க" என்பது, "என்ன இந்தப் பக்கம்?" என்று கேட்பது எல்லாம் அதன் வடிவங்கள். வடிவம் ஊருக்கு ஊர் மாறும். அது செய்யும் வேலை பெரிதாக மாறுவதில்லை. எதிரில் வருபவர் கண்ணில் பட்டுவிட்டார், அவரால் தீங்கில்லை, வேண்டுமானால் பேச்சைத் தொடரலாம் என்ற மூன்று செய்திகளையும் அது ஒரே நொடியில் சொல்லிவிடுகிறது. பேச்சுக்கு வழி திறப்பதுதான் முகமனின் பயன் என்று பொதுவாக எண்ணுகிறார்கள். ஆனால் ஒரு நாளில் நடக்கும் முகமன்களில் பேச்சே தொடராதவைதாம் அதிகம். தெருமுனையில் ஒரு தலையசைப்போடு இருவர் அவரவர் வழியில் போய்விடுகிறார்கள். அங்கே கைமாறியது முதல் செய்தி மட்டுமே. கைப்பேசி கையைவிட்டு இறங்காத இந்த நாள்களில் முகமனுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று அறிய, அந்த முதல் செய்தியைத்தான் கவனிக்க வேண்டும்.

முகமன் சொல்லுக்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. மனித அசைவுகளை ஆராய்ந்த ஆடம் கெண்டன், ஆண்ட்ரூ ஃபெர்பருடன் சேர்ந்து, திறந்தவெளியில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்தைப் படம்பிடித்தார். விருந்தினர் ஒவ்வொருவரும் எப்படி வரவேற்கப்பட்டார் என்பதைப் படச்சுருளை நிறுத்தி நிறுத்தி ஆராய்ந்தார்கள். 1973இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு வரிசை தெரிந்தது. வந்தவர் முதலில் உரியவரைக் கண்ணால் தேடுகிறார். பார்வை சந்தித்ததும் தொலைவிலிருந்தே ஒரு கையசைப்பு அல்லது தலைநிமிர்வு. அடுத்து விந்தையான ஒன்று நடக்கிறது: நெருங்கி வரும்போது பார்வை விலகுகிறது. சட்டையைச் சரிசெய்கிறார்கள், தலைமுடியைக் கோதுகிறார்கள், ஒரு கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோகிறார்கள். சில அடி தூரம் இருக்கும்போது மீண்டும் பார்வை, சிரிப்பு. அதன் பிறகே சொல்லும் கைகுலுக்கலும். இவ்வளவும் சில நொடிகளுக்குள் முடிகிறது, செய்பவருக்கே தெரிவதில்லை. கல்யாண மண்டப வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பன்னீர்ச் செம்புக்கும் சந்தனக் கிண்ணத்துக்கும் பக்கத்தில் நிற்கும் பெண்வீட்டார், உறவினர் காரைவிட்டு இறங்கும்போதே கையை உயர்த்துவார்கள். வருபவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி வேறெங்கோ பார்த்து நடந்து வருவார். படியேறியதும்தான் "வாங்க, வாங்க, பிள்ளைங்க வரலையா?" எழும்.

ஆஸ்திரிய விலங்கியலாளர் இரேனாயுஸ் ஐபல்-ஐபஸ்ஃபெல்ட் இதில் இன்னும் சிறிய அசைவு ஒன்றைப் பிடித்தார். பக்கவாட்டில் படம்பிடிக்கும் கண்ணாடி பொருத்திய கேமராவோடு பல கண்டங்களுக்குப் போன அவர், தெரிந்தவரைத் தொலைவில் கண்டதும் மனிதர்களின் புருவங்கள் சட்டென்று உயர்ந்து இறங்குவதைப் பதிவுசெய்தார். அந்த அசைவு நீடிப்பது ஒரு நொடியில் சுமார் ஆறில் ஒரு பங்கு. சமோவாவிலும் பாப்புவாவிலும் ஐரோப்பாவிலும் அதைக் கண்ட அவர், ஜப்பானியப் பெரியவர்கள் அதை அடக்கிக்கொள்வதையும் குறித்துவைத்தார். அங்கே அது நாகரிகக் குறைவாகக் கருதப்பட்டது. அடக்குவதற்கும் முதலில் எதிரில் வருபவரைப் பார்த்தாக வேண்டும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

பார்வைக்குப் பிறகு வரும் சொற்களில் செய்தி என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. முதல் உலகப்போர்க் காலத்தில் மேற்குப் பசிபிக்கின் டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் புரோனிஸ்லா மலினோவ்ஸ்கி, 1923இல் எழுதிய ஒரு கட்டுரையில் இத்தகைய பேச்சுக்குத் தனி இடம் கொடுத்தார். உடல்நலம் கேட்பது, வானிலையைச் சொல்வது, கண்ணெதிரே தெரிவதையே திரும்பச் சொல்வது இவையெல்லாம் எதையும் அறிவிப்பதற்கு அல்ல, பேசுவதன் மூலமே ஒட்டுறவை உண்டாக்குவதற்கு என்றார். பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்காமல் இருப்பது மனிதருக்கு இயல்பாகவே அச்சம் தருகிறது என்பது அவர் கருத்து.

தமிழ்நாட்டில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வது அரிது. எதிர்வீட்டுக்காரர் திடீரென்று கைகூப்பி வணக்கம் சொன்னால், ஏதோ மனத்தாங்கல் என்றோ தேர்தலில் நிற்கிறார் என்றோதான் தோன்றும். அங்கே புழங்குபவை வேறு: "என்ன, சாப்பாடாச்சா?", "இப்பத்தான் வர்றீங்களா?", "கடைக்கா?". கையில் பையோடு வருபவரிடம் "கடைக்கா?" என்று கேட்பதற்குப் பதில் தேவையில்லை, ஒரு "ஆமா" போதும். யாழ்ப்பாணத்தில் "என்ன மாதிரி?" என்பது அந்த வேலையைச் செய்கிறது. வெளியே கிளம்புபவரை "எங்கே?" என்று நேராகக் கேட்பது சகுனத்தடை என்ற நம்பிக்கை இருப்பதால், "தூரமா?" என்று வளைத்துக் கேட்கும் வழக்கமும் உண்டு. போகுமிடத்தை அறிவதல்ல நோக்கம் என்பது அந்த வளைவிலேயே தெரிந்துவிடுகிறது. "சும்மா இப்படி" என்று கையைக் காட்டிவிட்டுப் போனாலும் கேட்டவர் குறைப்படுவதில்லை.

முகமனைப் பற்றிப் பேசும்போது அதை முழுக்க இனிமையான பழக்கமாக மட்டும் காட்டிவிட்டுப் போவது எளிது. அது உண்மையின் பாதி. யார் முதலில் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும், யாருக்குப் பதில் கிடைக்கும் என்ற கேள்விகளில் ஒரு சமூகத்தின் படிநிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. செனகல் நாட்டின் ஒலோஃப் மக்களிடையே முதலில் முகமன் சொல்பவர் தாழ்ந்தவராக ஆகிறார் என்று ஜூடித் இர்வின் 1974இல் எழுதினார். உயர்ந்த நிலையில் இருப்பவருக்கு மரியாதை கிடைப்பதுபோலவே, கேட்டவருக்குக் கொடுக்கும் கடமையும் சேர்ந்து வருகிறது. எனவே பணம் கேட்டுவிடுவாரோ என்று அஞ்சும் பெரிய மனிதர், தாமே முந்திக்கொண்டு முகமன் சொல்லித் தம்மைத் தாழ்த்திக்கொள்வாராம். இஸ்லாமிய மரபு வேறொரு ஒழுங்கை வகுத்திருக்கிறது: வாகனத்தில் வருபவர் நடப்பவருக்கும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கும், சிறு கூட்டம் பெருங்கூட்டத்துக்கும், இளையவர் மூத்தவருக்கும் சலாம் சொல்ல வேண்டும். சொல்லப்பட்ட சலாத்துக்கு அதற்கு இணையாகவோ அதைவிட நன்றாகவோ பதில் சொல்வதும் கடமை.

தமிழ்நாட்டில் முகமன் நெடுங்காலம் சாதியின் அளவுகோலாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முதியவர், ஆதிக்க சாதித் தெருவுக்குள் நுழையும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்படும் சிறுவனுக்குக்கூட "கும்பிடுறேன் சாமி" என்று சொல்ல வேண்டும். பதிலாகக் கிடைத்தது பெயரும் ஒருமையும். அது கண்டுகொள்ளும் முகமன் அல்ல, கண்காணிக்கும் முகமன். 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கமும் அதன் வழிவந்த மேடைகளும் எல்லாரும் எல்லாருக்கும் ஒரே அளவில் சொல்லக்கூடிய வணக்கத்தைப் பரப்பியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பெரிய கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பும் பேச்சாளருக்கும் முன்வரிசையில் இருந்து கைகூப்பும் தொண்டருக்கும் அசைவு ஒன்றுதான். பழைய பழக்கம் முற்றாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வணக்கம் சொன்ன துப்புரவுத் தொழிலாளிக்குத் தலையை அசைக்காமல் போகும் அதிகாரி இன்றும் உண்டு. இப்போது அவர் கையில் கைப்பேசி இருப்பதால் காரணம் எளிதாகக் கிடைக்கிறது.

நகரம் முகமனின் விதிகளை மாற்றியது. ஐந்நூறு பேர் வாழும் ஊரில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் விசாரிக்கலாம்; ரங்கநாதன் தெருவில் தீபாவளி வாரத்தில் அது முடியாது. ஆனால் நகரத்தார் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை என்பதும் தவறு. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் இதை நுணுக்கமாக விவரித்தார். முன்பின் தெரியாத இருவர் நடைபாதையில் எதிரெதிரே வரும்போது, சற்றுத் தொலைவில் ஒருவரை ஒருவர் ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு பார்வையைத் தாழ்த்திக் கடந்து போகிறார்கள். முதல் பார்வை எதிரில் வருபவர் இருப்பதை ஒப்புக்கொள்கிறது. தாழ்த்திய பார்வை, அவரை நோண்டிப் பார்க்கும் ஆவலோ பகையோ இல்லை என்கிறது. இதுவும் ஒரு மரியாதைதான். பேசாத முகமன் என்றே சொல்லலாம். முறைத்துப் பார்ப்பதற்கும் ஆளே இல்லாததுபோல் கடப்பதற்கும் நடுவில் உள்ள மெல்லிய வழி அது.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார்: தினமும் பார்க்கிறோம், ஒருநாளும் பேசியதில்லை என்ற வகை மனிதர்கள். அவருடைய மாணவர்கள் ரயில் நிலையத்தில் காத்திருந்த பயணிகளைப் படம்பிடித்து, பிறகொரு நாள் அதே பயணிகளிடம் படங்களைக் கொடுத்துக் கேட்டபோது, ஒரு சொல்லும் பேசியறியாத பலரை அவர்கள் அடையாளம் காட்டினார்கள். இத்தகைய இருவர் வழக்கமான இடத்தைவிட்டு எவ்வளவு தூரத்தில் சந்திக்கிறார்களோ அவ்வளவுக்குப் பேசிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்றும் மில்கிராம் சொன்னார். தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் நின்றபடி வரும் இருவர், டெல்லி ரயில் நிலையத்தில் எதிர்ப்பட்டால் பழைய நண்பர்கள்போல் பேசத் தொடங்குவார்கள். அத்தனை நாளும் பார்வை சேர்த்துவைத்தது அப்போது செலவாகிறது.

கைப்பேசி கைவைப்பது இங்கேதான். மக்கள் முன்பைவிட முரடாகிவிட்டார்கள் என்பதற்கோ, தலைமுறை கெட்டுவிட்டது என்ற வழக்கமான புலம்பலுக்கோ தேவையில்லை. முகமனின் முதல் படி கண்ணால் தேடுவதும் பார்வை சந்திப்பதும். திரையில் பதிந்த கண் தேடுவதில்லை. தேடாத கண்ணோடு எதிரில் வருபவரின் கண் சந்திக்க முடியாது. அதற்கு அடுத்த படிகளான கையசைப்பு, சிரிப்பு, சொல் எல்லாம் அந்த முதல் படியைச் சார்ந்தவை என்பதால் அவையும் நடப்பதில்லை. காதில் பொருத்திய கருவி, பின்னாலிருந்து கூப்பிடும் குரலுக்கும் கதவை அடைத்துவிடுகிறது. காஃப்மன் சொன்ன பார்த்து விலகும் மரியாதையும் இதில் அடிபடுகிறது. முன்பு பார்வையைத் தாழ்த்துவது ஒரு செயலாக இருந்தது. இப்போது அது எப்போதும் தாழ்ந்தே இருப்பதால், எதிரில் வருபவருக்கு அதிலிருந்து எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. கோஸ்டாடின் குஷ்லெவும் கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரை ஒருவர் அறியாத கல்லூரி மாணவர்கள் காத்திருப்பு அறையில் உட்காரவைக்கப்பட்டார்கள். சிலரிடம் கைப்பேசி இருந்தது, சிலரிடம் இல்லை. அவர்களுடைய முகங்களை வீடியோவில் பார்த்து மதிப்பிட்டபோது, கைப்பேசி வைத்திருந்தவர்கள் குறைவாகச் சிரித்தார்கள்; மனமார்ந்த சிரிப்பு என்று கருதத்தக்கதும் குறைவாகவே இருந்தது. கைப்பேசியைப் பயன்படுத்தச் சொல்லி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. கையில் இருந்ததே போதுமானதாயிற்று.

டீக்கடையில் இந்த மாற்றம் பக்கத்திலிருந்து தெரியும். காசு கைமாறிய காலத்தில், பத்து ரூபாய்த் தாளை நீட்டி மீதிச் சில்லறையை வாங்கும் ஒரு கணத்தில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டியிருந்தது. கை எங்கே நீட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் சில்லறையைப் போட முடியாது. "சில்லறை இல்லையே அண்ணே" என்ற சலிப்பும் ஒரு பேச்சுதான். 2016இல் வந்த யுபிஐயும் பின்னால் வந்த ஒலிப்பெட்டியும் அந்தக் கணத்தை எடுத்துவிட்டன. கைப்பேசி, கண்ணாடிப் பெட்டியில் ஒட்டிய கட்டங்களை நோக்குகிறது. ஒலிப்பெட்டி தொகையை அறிவிக்கிறது. மாஸ்டர் பால் சட்டியைப் பார்த்தபடியே தலையை அசைக்கிறார். அசைத்தது ஆளுக்கா பெட்டிக்கா என்று சொல்வது கடினம். ஆனாலும் டீக்கடை இன்னும் தோற்றுவிடவில்லை. தினமும் வருபவர் ரோட்டைக் கடக்கும்போதே "சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங்" என்று அவருக்குரிய டீயைப் போடத் தொடங்கும் மாஸ்டர் எல்லா ஊரிலும் இருக்கிறார். வாய்ச்சொல் இல்லாத அந்த வரவேற்புக்கு இணையானதை எந்தச் செயலியும் இதுவரை செய்யவில்லை.

தொலைபேசி முகமனைக் கலைத்தது இது முதல்முறை அல்ல. முகம் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி என்ற சிக்கல் 1870களிலேயே எழுந்தது. கப்பல்காரர்கள் ஒருவரை ஒருவர் கூவி அழைக்கும் "அஹோய்" என்ற குரலை அலெக்சாண்டர் கிரகாம் பெல் விரும்பினார். தாமஸ் எடிசன் 1877இல் எழுதிய கடிதம் ஒன்றில் "ஹலோ" போதும் என்றார், எடிசனுடையதே நிலைத்தது. 1968இல் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப் சுமார் 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கங்களை ஆராய்ந்து, மணி அடிப்பதே கூப்பிடும் குரல் என்றும், அதற்குப் பதிலாகவே எடுப்பவர் முதலில் பேசுகிறார் என்றும் விளக்கினார்.

வீட்டுக்கு ஒரு தொலைபேசி இருந்த காலத்தில் இந்தத் தொடக்கம் நீளமானது. நண்பனைக் கூப்பிட்டால் அவன் அம்மா எடுப்பார். அவரிடம் நலம் விசாரித்து, பரீட்சை எப்போது என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே நண்பன் லைனுக்கு வருவான். ஒரு வேலைக்காகக் கூப்பிட்டவர் மூன்று பேருக்கு முகமன் சொல்லியிருப்பார். கைப்பேசி ஆளுக்கு ஒன்றானதும் இடையில் நின்ற அம்மா காணாமல் போனார். அழைப்பவரின் பெயர் திரையிலேயே தெரிவதால் "யாருங்க பேசறது?" போயிற்று, இன்று பெரும்பாலான தமிழ் அழைப்புகள் "சொல்லுங்க" என்று தொடங்குகின்றன. முகமன் முடிந்துவிட்டது, விஷயத்துக்கு வரலாம் என்பதே அதன் பொருள். குறுஞ்செய்தி வந்தபின் அந்தச் "சொல்லுங்க"வுக்கும் இடமில்லை.

இவ்வளவு சிறிய பழக்கம் போனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் எரிக் வெசல்மன் உள்ளிட்டோர் 2012இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நேரடியான பதிலைத் தருகிறது. வளாகத்தில் நடந்து போகும் ஒருவரைக் கடக்கும்போது, ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர் அவர் கண்ணைப் பார்த்தார், அல்லது பார்த்துச் சிரித்தார், அல்லது ஆளே இல்லாததுபோல் அவரை ஊடுருவி அப்பால் பார்த்தார். சற்றுத் தள்ளி இன்னொருவர் அவரை நிறுத்தி, பிறரோடு எவ்வளவு ஒட்டியிருப்பதாக இந்தக் கணத்தில் உணர்கிறீர்கள் என்று கேட்டார். ஊடுருவிப் பார்க்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட விலகியிருப்பதாக உணர்ந்தார்கள். முன்பின் அறியாத, இனி ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒருவரின் ஒரு நொடிப் பார்வை அவ்வளவு தூரம் பாய்ந்தது.

நன்மைப் பக்கத்திலும் சான்று இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் காபிக்கடைக்குள் நுழைந்தவர்களில் ஒரு பகுதியினரிடம், காபி போடுபவரின் கண்ணைப் பார்த்துச் சிரித்து ஓரிரு வார்த்தை பேசச் சொன்னார்கள். மற்றவர்களிடம் வேலையை மட்டும் விரைவாக முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பேசியவர்கள் வெளியே வரும்போது கூடுதலான மகிழ்ச்சியோடும் ஓர் இடத்தைச் சேர்ந்தவர்கள் என்ற உணர்வோடும் இருந்தார்கள். சிகாகோ ரயில் பயணிகளிடம் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் செய்த ஆய்வு 2014இல் வந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்லப்பட்டவர்களுக்குப் பயணம் இனிமையாக இருந்தது. தனியே இருந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. அப்படிப் பேசினால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யச் சொல்லப்பட்ட வேறு பயணிகள் இதற்கு நேர்மாறாக எதிர்பார்த்தார்கள். எல்லாரும் பேச விரும்பி, மற்றவருக்கு விருப்பமில்லை என்று நினைத்துக் கைப்பேசியை எடுக்கும் ரயில்பெட்டி அது.

பொருளாதாரப் பயனும் இல்லாமல் இல்லை. மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வேலை தேடுவோருக்கு நெருங்கிய நண்பர்களைவிடத் தூரத்துப் பழக்கமுள்ளவர்கள் மூலமே புதிய தகவல் வருகிறது என்று காட்டியது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்ததாகவே இருக்கும். பார்த்தால் தலையசைக்கும் அளவில் மட்டுமே இருக்கும் உறவுகளைக் காயவிடாமல் வைத்திருப்பது முகமன் ஒன்றுதான். அவற்றுக்கு விருந்தும் இல்லை, விசேஷ அழைப்பும் இல்லை.

முகமன் தெருவிலிருந்து மறையும் அதே நேரத்தில் திரைக்குள் பெருகியிருப்பது கவனிக்கத்தக்கது. 2018 தொடக்கத்தில், இந்தியாவில் கைப்பேசிகள் ஏன் இடமில்லாமல் முடங்குகின்றன என்று தேடிய கூகுள் ஆய்வாளர்கள், காலை வணக்கப் படங்களைக் காரணமாகக் கண்ட செய்தி வெளியானது. இந்தியக் கைப்பேசிப் பயனாளர்களில் மூன்றில் ஒருவருக்கு நாள்தோறும் இடம் தீர்ந்துபோகிறது என்றும் அச்செய்தி சொன்னது. ரோஜாவும் சூரிய உதயமும் காபிக் கோப்பையும் அச்சிட்ட அந்தப் படங்களை இளையவர்கள் கேலி செய்கிறார்கள். கேலியில் ஓரளவே நியாயம் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனி வீட்டில் வாழும் எழுபது வயதுக்காரர் காலை ஆறு மணிக்கு அனுப்பும் படம், எழுந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன் என்ற தகவல். ஒருநாள் அது வராவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் போகிறது. ஆனால் ஒரே படத்தை இருநூறு பேருக்குத் தள்ளிவிடும்போது அனுப்பியவர் ஒருவரையும் கண்டுகொள்ளவில்லை. பெற்றவரும் அதை அறிவார். பெயர் சொல்லி எழுதிய இரண்டு சொல் அந்த ரோஜாவைவிட எடை கூடியது என்பது பெற்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

அலுவல் இடங்களில் முகமனைத் திட்டமிட்டுத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. கேட் கிரேஞ்சர் என்ற ஆங்கிலேய மருத்துவர் புற்றுநோயால் மருத்துவமனையில் நோயாளியாக இருந்தபோது, தம்மைக் கவனிக்க வந்த பலரும் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் வேலையைத் தொடங்குவதைக் கண்டார். 2013இல் அவர் தொடங்கிய இயக்கத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று: நோயாளியிடம் முதலில் வணக்கம் சொல்லி, என் பெயர் இது என்று சொல்ல வேண்டும். 2016இல் தம் 34ஆம் வயதில் அவர் இறப்பதற்குள் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் லட்சக்கணக்கானவர்கள் அதை ஏற்றிருந்தார்கள். நோயாளியின் பதிவேடு கணினிக்கு மாறிய பிறகு இதன் தேவை கூடியிருக்கிறது. உள்ளே வருபவரைப் பார்ப்பதற்கு முன்பு திரையைப் பார்க்க வேண்டிய மருத்துவருக்கு, முகமன் என்பது கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவைக்கும் ஒரே நடைமுறை.

பள்ளிகளில் இதைவிட எளிய முறை. ஆசிரியர் வகுப்பறைக் கதவருகே நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி வரவேற்கிறார். அமெரிக்க நடுநிலைப் பள்ளி வகுப்புகளில் கிளேட்டன் குக் குழுவினர் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பழக்கம் வந்த வகுப்புகளில் மாணவர்கள் பாடத்தில் ஈடுபட்டிருந்த நேரம் சுமார் 20 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. தமிழ்நாட்டு வகுப்பறையில் ஆசிரியர் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து ஒரே ராகத்தில் இழுத்துப் பாடும் "வணக்கம் ஐயா"வோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே நாற்பது பேர் ஒருவரைப் பார்க்கிறார்கள். இங்கே ஒருவர் நாற்பது பேரை ஒவ்வொருவராகப் பார்க்கிறார்.

சட்டமாக்கிய முகமன் எப்போதும் பயன்தருவதில்லை. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் எழுதிய நூல், சிரிப்பையும் கனிவையும் சம்பளத்துக்கு விற்க வேண்டியிருப்பது எவ்வளவு கடினமான உழைப்பு என்று காட்டியது. தியாகராய நகரின் பெரிய ஜவுளிக்கடைகளில் "வாங்க சார், வாங்க மேடம்" என்று நாள் முழுதும் வரவேற்பவர்களின் உழைப்பும் அதுவே. அவர்கள் உட்காருவதற்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2021இல்தான் சட்டத்தைத் திருத்தியது. அதுவரை பத்து மணிநேரமும் நின்றபடி சொன்ன வரவேற்புக்கு, கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல் உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தவர் யாருமில்லை. குடியிருப்பு வாசலில் நிற்கும் காவலாளிக்கும் இதே நிலை. வருபவருக்கு அனுமதி தருவது செயலியின் வேலையாகிவிட்ட பிறகு, அவர் எழுந்து நின்று வைக்கும் சலாமுக்குப் பதில் வருவது அந்த வீட்டாரின் பழக்கத்தைப் பொறுத்தது.

எல்லாரும் எல்லாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று பொதுவிதி வைக்கவும் முடியாது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண் எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்தால், அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளும் ஆண்கள் இருக்கும்வரை, காதில் பொருத்திய கருவியும் தாழ்ந்த பார்வையும் அவருக்குக் கவசம். பாட்டு ஓடாத கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு போகும் பெண்கள் பலர். கண்ணோடு கண் பார்ப்பது ஆட்டிசம் உள்ளவர்கள் பலருக்குத் துன்பமாக இருக்கும். அவர்களுக்குச் சொல் போதும், பார்வை வேண்டாம். பார்வையற்றவருக்கு நேர்மாறாகப் பெயரும் குரலும் தேவை. "யாருன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று விளையாடாமல், "நான் இன்னார்" என்று சொல்லிக்கொண்டு பேசுவதே அவர்களுக்கு முகமன். கொரோனா காலத்தில் கைகுலுக்குவது ஆபத்தானபோது, பாரிஸில் 2020 மார்ச்சில் ஸ்பெயின் மன்னரை பிரெஞ்சு அதிபர் மக்ரோன் கைகூப்பி வரவேற்றார். உடல் வேறொரு வழியை விரைவாகவே கண்டுபிடித்துக்கொள்கிறது.

முகமனின் மறுபாதி விடைபெறுதல். காஃப்மன் இரண்டையும் ஒரே சடங்கின் இரு முனைகளாகவே பார்த்தார்: ஒன்று இருவரும் கிட்டியிருக்கப்போகும் நேரத்தைத் திறக்கிறது, மற்றது மூடுகிறது. தமிழில் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. "போயிட்டு வரேன்" என்பதும் அதற்கு "வாங்க" என்ற பதிலும் சேர்ந்தால்தான் வாசல்படி தாண்ட முடியும். திரைவழிப் பேச்சில் இந்த முனைதான் முதலில் உதிர்ந்தது. வாட்ஸ்அப் உரையாடல் முடிவதில்லை. நடுவில் நின்றுபோகிறது, மறுநாள் அதே இடத்தில் தொடர்கிறது. காணொளிக் கூட்டங்களில் மட்டும் ஒரு புதுப் பழக்கம் தானாக முளைத்திருக்கிறது. அலுவலக அறைக்கூட்டம் முடிந்தால் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொள்ளாத மேலாளரும் ஊழியரும், காணொளிக் கூட்டம் முடியும்போது குழந்தைகள்போல் கையை ஆட்டுகிறார்கள். எழுந்து நிற்பது, நாற்காலியை நகர்த்துவது, கதவுவரை கூட நடப்பது என்று விடைபெறுவதற்கு உடல் வைத்திருந்த வழிகள் எதுவும் அங்கே இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்துவதற்கு முன் கையை ஆட்ட வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.